நிற்காத பூ

என் அக்கா கணவருக்குப் பேக்கரியில் பூ மாஸ்டர் என்று பெயர். பச்சை முட்டையின் வெள்ளைக்கருவில் சர்க்கரைத்தூளைப் போட்டு நுரைக்க அடித்து, அந்த ஐசிங்கால் கேக் மீது ரோஜா பிழிவார். தன்னைப் போல் பிழிய ஆளே கிடையாது என்று அவரே சொல்லிக்கொள்வார். தலைக்கனம் கொஞ்சம் உண்டு. மகளிடம் மட்டும் அது செல்லாது.

அவள் எங்களுக்குப் பிழைத்து வந்த பிள்ளை. கைக்குழந்தையிலேயே தோல் உரிந்து, முடி கொட்டி, மூச்சு வாங்கித் துவண்டுபோனாள். பயோட்டின் என்ற வைட்டமினை எடுத்து மற்றப் புரதங்களில் ஒட்டவைக்கும் நொதி ஒன்று உடம்பில் இருக்கிறதாம். இவளுக்கு அது பிறவியிலேயே சோப்ளாங்கி. வைட்டமினை அள்ளிக் கொடுத்தால் அந்த நொதியும் எப்படியோ வேலை செய்துவிடும் என்றார் டாக்டர். அன்றிலிருந்து தினமும் மாத்திரை. பிள்ளை தேறி, வீட்டைத் தலைகீழாக்கும் வாலாக வளர்ந்தாள்.

பள்ளிக்கூடத்தில் சேர்த்த வருஷம் மறுபடியும் முடி கொட்டியது. வாயைச் சுற்றிப் புண். ஓடியாடிய பிள்ளை சுருண்டு படுத்துவிட்டாள்.

"மாத்திரை குடுக்க மறந்துட்டீங்களா?" என்று அக்கா மாமா மேல் பாய்ந்தாள்.

"சத்தியமா இல்லம்மா."

ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். டாக்டர் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, "பச்சை முட்டை ஏதாவது குடுக்கறீங்களா?" என்று கேட்டார்.

"ஐயோ, அந்த வாடையே எனக்கு ஆகாது டாக்டர்" என்றாள் அக்கா.

மாமாவின் முகம் வெளுத்துவிட்டது. "ஐசிங் சார்... அழாம ஸ்கூலுக்குப் போனா பூ தரேன்னு சொல்லியிருந்தேன். தினமும் கொண்டு போய்க் குடுப்பேன். அவளுக்கு அதுன்னா உசுரு."

வேகாத வெள்ளைக்கரு அந்த வைட்டமினைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுமாம். உடம்பில் சேரவே விடாதாம். "மத்த பிள்ளைங்களுக்கு இந்த அளவு ஒண்ணும் பண்ணாது. இவளுக்குத் தாங்கல. நிறுத்திட்டா சரியாயிடும்" என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் அக்கா வெடிக்கப்போகிறாள் என்று பயந்தேன். அவளோ அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "இந்தக் கையாலதானே ஊட்டினேன்" என்று மனுஷர் விம்மி விம்மி அழுதார். எனக்கும் தாங்கவில்லை.

முடி மெல்ல முளைத்தது. பிறந்தநாள் கேக்கில் மாமா முட்டையே சேர்க்காமல், சர்க்கரையைத் தண்ணீரில் குழைத்துப் பூப் பிழிந்தார். ஒன்றுகூட நிற்கவில்லை. எல்லாம் வழிந்து தட்டையாகக் கிடந்தது.

"என்னப்பா, உனக்குப் பூ செய்யத் தெரியாதா?"

"தெரியலையேம்மா" என்றார் எங்கள் பூ மாஸ்டர், அவள் தலையில் முளைத்திருந்த புது முடியைத் தடவியபடி.