வயிற்றைப் பற்றி உரக்கப் பேசிய பிலோமினா சிஸ்டர்

எங்கள் ஆய்வுக் குழுவினருக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அதற்கு ‘வயிறு’ என்று பெயர் வைத்தவர் பிலோமினா சிஸ்டர். பொழுது விடிந்ததும் அதில் அவருடைய செய்தி வந்துவிடும். “எல்லாருக்கும் வணக்கம். எல்லாருக்கும் ஆச்சா?” என்பதுதான் பெரும்பாலும் செய்தி. கூச்சப்படுகிறவர்கள் கட்டைவிரல் படத்தை மட்டும் அனுப்பிவைப்போம். போன மாதம் ஒரு திங்கட்கிழமை அதே எண்ணிலிருந்து வந்த செய்தி வேறாக இருந்தது. “அம்மா இன்று அதிகாலை காலமாகிவிட்டார்கள். மாரடைப்பு. நாளை திருக்காட்டுப்பள்ளியில் அடக்கம். ஜெனிபர்.” ஜெனிபர் அவருடைய மூத்த மகள். நான் பல் துலக்கிக்கொண்டே படித்தேன். சிஸ்டரின் எண்ணிலிருந்தே வந்ததால் இரண்டாம் முறை படித்த பிறகுதான் விஷயம் உறைத்தது. அதற்குள் எங்கள் ஓட்டுநர் செந்தில், வழக்கம்போல் படிக்காமலேயே, கட்டைவிரலை அனுப்பிவிட்டார். பிறகு பதறிப்போய் அழித்தார். சிஸ்டர் இருந்திருந்தால் இதைச் சொல்லிச் சொல்லியே ஒரு வாரம் சிரித்திருப்பார்.

உங்களில் பலர் அவரைத் தஞ்சாவூர் மருத்துவமனை வார்டுகளில் தலைமை நர்ஸாக அறிந்தவர்கள். நான் அறிந்தது ஓய்வு பெற்ற பிறகு வந்த பிலோமினா சிஸ்டரை. அவருடைய அண்ணன் சவரிமுத்துவுக்குப் பார்க்கின்சன் நோய். நம் ஊரில் நடுக்குவாதம் என்று சொல்வார்களே, அது. அண்ணனை நரம்பியல் மருத்துவரிடம் அழைத்து வந்த இடத்தில் எங்கள் ஆய்வு அறிவிப்பைப் பார்த்துவிட்டு, நேரே என் அறைக்கு வந்து நின்றார்.

என்ன ஆய்வு என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்த நோயில் கை நடுங்கத் தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே சிலருக்கு மலச்சிக்கல் வருகிறது, வாசனை தெரியாமல் போகிறது. நோயாளிகளின் குடலில் வாழும் பாக்டீரியாக்களின் கலவை மற்றவர்களுடையதிலிருந்து மாறியிருப்பதை உலகில் பல இடங்களில் பார்த்திருக்கிறார்கள். அப்படியென்றால், நடுக்கம் வருவதற்கு முன்பே குடல் பாக்டீரியாவைப் பார்த்து யாருக்கு ஆபத்து கூடுதல் என்று சொல்ல முடியுமா? இதுதான் கேள்வி. இதற்கு நோயாளிகளிடமும், அவர்களின் கூடப்பிறந்தவர்களிடமும் பிள்ளைகளிடமும், சம்பந்தமே இல்லாதவர்களிடமும் மலம் வாங்கி ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நான் நுண்ணுயிரியல் படித்தவன். பாக்டீரியாவை இனம் பிரிக்க எனக்குத் தெரியும். அடுத்தவர் வீட்டு வாசலில் நின்று அதைக் கேட்டு வாங்கத் தெரியாது.

“அண்ணன் குடுப்பாரு. நான் தங்கச்சி, நானும் குடுப்பேன். ஊர் ஊராப் போயி மத்தவங்ககிட்ட வாங்குறதுக்கு யார் இருக்கா?” என்று கேட்டார். நான்தான் என்றேன். “நீங்களா?” என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். மறுநாளே வேலைக்கு வந்துவிட்டார்.

முதல் கூட்டம் திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்து ஊர் ஒன்றின் சமுதாயக் கூடத்தில் நடந்தது. நான் மைக்கைப் பிடித்து, ‘மல மாதிரி’, ‘குடல் நுண்ணுயிர்ச் சூழல்’ என்று பேசப் பேச, கூட்டம் மொத்தமும் மின்விசிறியைப் பார்க்கத் தொடங்கியது. சிஸ்டர் எழுந்து வந்து மைக்கை வாங்கிக்கொண்டார். “சார் சொன்னது உங்களுக்கு நல்லாப் புரிஞ்சுது. புரியாத மாதிரி உக்காந்திருக்கீங்க. காலையில கொல்லைக்குப் போறோமில்ல, அதுல ஒரு ஸ்பூன் வேணும். டப்பா நாங்க தர்றோம், ஸ்பூனும் நாங்க தர்றோம். மிச்சம் உங்க பொறுப்பு.” கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து, “கோயில் சிஸ்டரு, நீங்களே இப்படிப் பேசலாங்களா?” என்று உண்மையான வருத்தத்தோடு கேட்டார். “ஐயா, நான் கன்னியாஸ்திரி இல்ல. மூணு புள்ள பெத்த ஆஸ்பத்திரி சிஸ்டர்” என்றார் இவர். “என்னோடத நேத்தே குடுத்துட்டேன். உங்களோடது என்னோடத விட ஒசத்தியா என்ன?” அன்று முதல் டப்பாவை வாங்கிப் போனவர் அந்தப் பெரியவர்தான்.

கடற்கரை ஊர்களுக்குள் எங்களுக்கு வழி திறந்தது ஒரு பேருந்தில். எங்கள் வண்டி பழுதாகி நின்றதால் நாகப்பட்டினம் பக்கமிருந்து தஞ்சாவூருக்குப் பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தோம். சிஸ்டரின் காலடியில் ஐஸ் நிரப்பிய தெர்மாகோல் பெட்டி. நடத்துநர் வந்து, “மீனுக்கு லக்கேஜ் போடணும்மா” என்றார்.

“மீன் இல்லப்பா.”

“அப்ப என்ன? தொறந்து காட்டுங்க.”

“காட்டுறேன். பஸ்ஸு நிக்கட்டும். ஓடுறப்ப காட்டுனா நீ குதிச்சிடுவ.”

அவர் விடவில்லை. சிஸ்டரும் குரலைத் தாழ்த்தாமல் உள்ளதைச் சொல்லிவிட்டார். எங்களைச் சுற்றியிருந்த இருக்கைகள் மளமளவென்று காலியாயின. பக்கத்து இருக்கை மீன்காரம்மா மட்டும், காலிக் கூடையை மடியில் வைத்தபடி, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். இதெல்லாம் எதற்கு என்று கேட்டார். சிஸ்டர் விளக்கினார். கேட்கக் கேட்க அந்த அம்மாவின் சிரிப்பு குறைந்தது.

“எங்க வீட்டுக்காரருக்கும் ஒரு வருசமா கை ஆடுதுக்கா. வலை பின்ன முடியல. குடிச்சுக் குடிச்சு ஆடுதுன்னு ஊர்ல பேசுறாங்க. அவரு அதக் கையால தொட மாட்டாரு.”

“நடக்குறப்ப கை வீசாம நடக்குறாரா? பேச்சு சன்னமாயிடுச்சா?”

“ஆமாக்கா.”

“வாசனை தெரியுதா அவருக்கு?”

“கருவாடு வறுத்தாக்கூடத் தெரியலங்குறாரு.”

அடுத்த வாரமே அவரை நரம்பியல் மருத்துவரிடம் கொண்டுவந்து சேர்த்தார் சிஸ்டர். பார்க்கின்சன் நோய்தான். மாத்திரை தொடங்கிய பிறகு நடுக்கம் முழுவதும் போய்விடவில்லை. ஆனால் அவர் மறுபடி வலையை மடியில் எடுத்துப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அதைவிட, குடிகாரன் என்ற பேச்சு நின்றது. அந்தக் குப்பத்தில் அதன்பின் நாங்கள் டப்பாவுக்காகக் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. எங்களிடம் இருந்த டப்பாக்கள்தான் போதவில்லை.

எல்லா இடத்திலும் இப்படி நல்லபடியாக நடக்கவில்லை. திருவாரூர்ப் பக்கத்து விவசாயி ஒருவரிடம் டப்பா வாங்கியிருந்தோம். காலஞ்சென்ற அவருடைய தகப்பனாருக்கு இந்த நோய் இருந்தது. விவசாயியின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிப் பத்திரிகையும் அடித்தாயிற்று. அந்த நேரத்தில் யாரோ மாப்பிள்ளை வீட்டில், ‘குடும்பத்துக்கே நோய் இருக்காம், மலத்தைச் சோதிச்சுக் கண்டுபுடிச்சிட்டாங்களாம்’ என்று சொல்லிவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் தொலைபேசியை எடுப்பதை நிறுத்திக்கொண்டார்கள். அந்த மனிதர் சிஸ்டரைக் கூப்பிட்டு அழுதார். விளக்கமாக ஒரு கடிதம் எழுதி அனுப்பலாம் என்றேன் நான். “கடிதாசிய வச்சுக்கிட்டு அவங்க என்ன செய்வாங்க? செந்தில வண்டிய எடுக்கச் சொல்லுங்க” என்றார்.

நீடாமங்கலத்தில் மாப்பிள்ளை வீடு. காப்பி கொடுத்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா முகம் கொடுக்காமல் பேசினார். “தப்பா நினைச்சுக்காதீங்க. எங்களுக்கு ஒரே பையன். தெரிஞ்சிருந்தும் எப்படிங்க?”

“என்ன தெரிஞ்சுதுன்னு சொல்லுங்க” என்றார் சிஸ்டர்.

“அதான், டெஸ்ட்ல வந்துடுச்சாமே.”

“டெஸ்ட் பண்றவரு இதோ உக்காந்திருக்காரு. சார், நீங்களே சொல்லுங்க. பொண்ணோட அப்பாவுக்கு இந்த நோவு வருமா, வராதா?”

நான் தரையைப் பார்த்தேன். “தெரியாதுங்க” என்றேன். “நிறையப் பேரை ஒண்ணா வச்சுப் பார்த்தா வித்தியாசம் தெரியுது. ஒருத்தரை மட்டும் காட்டி, இவருக்கு வரும், இவருக்கு வராதுன்னு சொல்ற இடத்துக்கு நாங்க இன்னும் வரலை. அப்படியே வந்தாலும், அதை அவர்கிட்டதான் சொல்லுவோம். ஊருக்குச் சொல்ல மாட்டோம்.”

“கேட்டுக்கிட்டீங்களா?” என்றார் சிஸ்டர். “மழை வரலாம்னு டிவியில சொன்னா, களத்துல கெடக்குற நெல்லைத் தார்ப்பாய் போட்டு மூடுறோம். நெல்லே வேணாம்னு ஆத்துல கொட்டுறதில்ல. இவங்க அந்த ‘வரலாம்’ சொல்றதுக்கே இன்னும் படிச்சுக்கிட்டுதான் இருக்காங்க.” பிறகு, ஏதோ வார்டில் சுற்றிவருகிறவர்போல, “சரி, வந்தது வந்துட்டேன். இந்த வீட்டுல யாருக்குச் சுகர்?” என்றார். மாப்பிள்ளையின் அப்பா தன்னையறியாமல் கையைத் தூக்கினார். “பிரஷர்?” அம்மா முந்தானையைச் சரிசெய்தபடி, “எனக்குக் கொஞ்சம் இருக்கு” என்றார். “நெஞ்சுவலி?” “பெரியப்பாவுக்கு ஸ்டென்ட் வச்சிருக்கு” என்ற குரல் மாப்பிள்ளையுடையது. அதுவரை அவர் கதவோரம் நின்றுகொண்டிருந்தார். அவரே சற்றுப் பொறுத்து, “அம்மா, நம்ம வீட்டுல இருக்குறது எதையும் பொண்ணு வீட்டுக்காரங்க கேக்கலைம்மா” என்றார்.

முதலில் சிரித்தவர் மாப்பிள்ளையின் அப்பா. “சிஸ்டர், எங்களுக்கும் ரெண்டு டப்பா குடுத்துட்டுப் போங்க” என்றார். கல்யாணம் குறித்த தேதியில் நடந்தது. பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் சிஸ்டர் மலச்சிக்கல் பற்றி விசாரித்துக்கொண்டிருந்ததை நானே என் காதால் கேட்டேன்.

அவரைப் பற்றி நான் அதிகம் நினைத்துக்கொள்வது வேறொரு நாள். கடற்கரையிலிருந்து திரும்பும் வழியில், மேடுபள்ளத்தில் வண்டி குதித்ததில் பெட்டிக்குள் ஒரு டப்பா மூடி கழன்றுவிட்டது. செந்தில் சாலையோரம் நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்து ஓடினார். மறுபக்கமாக நானும் இறங்கி ஓடினேன். வயல் வரப்பில் நின்று மூச்சு வாங்கியபடி திரும்பிப் பார்த்தால், சிஸ்டர் பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து நிதானமாக முறுக்கு தின்றுகொண்டிருக்கிறார்.

“ஏன் நிறுத்திட்டீங்க?” என்று கேட்டார்.

செந்தில் மூக்கைப் பொத்திக் காட்டினார். அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. பெட்டியைத் திறந்து குனிந்து ஒருமுறை மூச்சை இழுத்துப் பார்த்தார். “எனக்கு ஒண்ணும் வரலியே” என்றார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. ‘வாசனை தெரியுதா?’ என்று ஊர் ஊராக அவர் கேட்டுவந்த கேள்விக்கு அவருடைய பதில் அது என்பது எங்கள் மூவருக்கும் தெரிந்தது.

பெட்டியைச் சுத்தம் செய்துவிட்டுப் புறப்பட்டோம். வெகுதூரம் வந்த பிறகு, “சார், என் டப்பா என்ன சொல்லுது?” என்றார்.

“பேர் இல்லாம எண் போட்டுத்தானே இருக்கு சிஸ்டர். எது உங்களோடதுன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் அதை வச்சு உங்களுக்கு ஒண்ணும் சொல்ல முடியாது.”

“அதுவும் சரிதான். நீடாமங்கலத்துக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணுன்னு சொன்னா நல்லாருக்காது” என்று சொல்லிவிட்டு, மிச்சமிருந்த முறுக்கை எங்கள் இருவருக்கும் நீட்டினார். எங்களால் வாங்கிக்கொள்ள முடியவில்லை. அவர் அதற்கும் சிரித்தார்.

மருத்துவர் அவரைப் பரிசோதித்துவிட்டு, இப்போதைக்கு எந்த அறிகுறியும் இல்லை, வயதானாலும் மோப்பம் குறையும், வேறு காரணங்களாலும் குறையும் என்றார். சிஸ்டர் அதோடு அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினார். மாலை தவறாமல் அண்ணனைக் காவிரிக் கரையில் நடத்திக்கொண்டு போகத் தொடங்கினார். அண்ணனுக்குக் கால் தரையில் ஒட்டிக்கொள்ளும்போது இவர் கையால் தாளம் தட்டுவார். அந்தத் தாளத்துக்கு அவர் கால் எழும்பும். “எனக்கு வந்தா எப்படி இருக்கணும்னு அண்ணன் முன்னாடியே நடந்து காட்டுறாரு” என்பார். கடைசிவரை சிஸ்டருக்கு விரல்கூட நடுங்கவில்லை. அவர் வயிற்றையே கவனித்துக்கொண்டிருந்தபோது இதயம் முந்திக்கொண்டது.

அடக்கத்துக்குக் கடற்கரையிலிருந்து அந்த மீன்காரம்மா கணவரோடு வந்திருந்தார். நீடாமங்கலத்துத் தம்பதி கைக்குழந்தையோடு வந்திருந்தார்கள். சவரிமுத்து அண்ணன் மாதா கோயில் வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் கையசைத்துக் கூப்பிட்டார். அவர் குரல் இப்போது மிகவும் சன்னம். குனிந்து காதைக் கொடுத்தேன்.

“எனக்குத்தான் முதல் டிக்கெட்டுன்னு நெனச்சிருந்தேன். பிலோ முந்திக்கிட்டா.” சற்று மூச்சு வாங்கிக்கொண்டார். “அவ குடுத்தது இன்னும் உங்ககிட்ட இருக்கா?”

“இருக்குண்ணே. உறைய வச்சுப் பத்திரமா இருக்கு. தன் காலத்துக்குப் பிறகும் வச்சுக்கலாம்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காங்க.”

இந்த நோயில் முகத்துக்குச் சிரிப்பு வந்துசேர நேரமாகும். நான் காத்திருந்தேன். வந்தது. “எங்களுக்கெல்லாம் போட்டோதான்” என்றார். “நீங்க குடுத்து வச்சவரு.”

ஆகவே, சிஸ்டரின் நினைவாக என்னிடம் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்டால், எங்கள் ஆய்வகத்தில், எது என்று எனக்கே தெரியாத, எண் மட்டும் எழுதிய ஒரு சிறு குப்பி இருக்கிறது. அது என்ன சொல்கிறது என்பதைப் படித்து முடிக்க இன்னும் சில ஆண்டுகள் ஆகும். இன்னொன்றும் உண்டு. நீடாமங்கலத்திலிருந்து திரும்பும்போது அவர் என்னிடம் கேட்டார்: “தெரியாதுன்னு சொல்றப்ப ஏன் சார் தரையப் பாக்குறீங்க? அது ஒண்ணும் குத்தமில்லையே. அவங்க மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க.” போன வாரம் ஒரு ஊரில் நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவர், “எங்கம்மாவுக்கு இருந்துச்சு, எனக்கும் வருமா?” என்று கேட்டார். அவர் முகத்தைப் பார்த்து, “தெரியலைங்க” என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, டப்பாவுக்குக் கையை நீட்டினார்.