வல்லூறுக்குச் செய்த கால்பட்டை

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். ஆனாலும் அரபு நாட்டு வல்லூறுக்குப் பெரம்பலூரில் உட்கார்ந்து கால்பட்டை செய்து கொடுத்தவன் இந்த ஜில்லாவில் நான் ஒருத்தன்தான். இன்னொருத்தன் இருந்தால் வரச் சொல்லுங்கள், அவன் காலுக்கும் ஒன்று போட்டு அனுப்புகிறேன்.

எங்கள் அப்பா அடுத்தவர் வயலில் குனிந்தே காலத்தைக் கழித்தவர். நான் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சொந்தமாகத் தோல் கடை போட்டேன். மாட்டுக்குக் கழுத்துப் பட்டை, அரியலூர் சிமெண்ட் லாரிகளின் தார்ப்பாய்க்குக் கயிறு நுழையப் பித்தளைக் கண் அடிப்பது, செருப்பு, பெல்ட், எது வந்தாலும் செய்வேன். ஒரு நாள் லப்பைக்குடிக்காட்டிலிருந்து ஒரு பாய் வந்தார். நாற்பது வயசு இருக்கும். கல்ஃபில் ஒரு அரபு முதலாளியின் வேட்டைப் பறவைகளைப் பார்த்துக்கொள்வது அவருக்கு உத்தியோகம்.

அந்தப் பறவைக்குப் பாஸ்போர்ட் உண்டாம். ஏசி அறை உண்டாம். தனி டாக்டர் உண்டாம். ரேஷன் கார்டு இருக்கிறதா என்று கேட்டேன். பாய் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலைமையில் அவர் இல்லை. வல்லூறின் இரண்டு காலிலும் தோல் பட்டை இருக்கும், அதிலுள்ள பித்தளைக் கண்ணில் வாரைக் கோத்துக் கையில் பிடித்துக்கொள்வார்கள். கடையில் வாங்கிய பட்டை ஒன்று அறுந்துபோய், முதலாளியின் செல்லப் பறவை அரை நாள் காணாமல் போயிருக்கிறது. எப்படியோ பிடித்துவிட்டார்கள். இன்னொரு தடவை அறுந்தால் பறவைக்குப் பின்னாலேயே நீயும் ஊருக்குப் பறந்துவிடலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். எங்கள் ஊரில் இதை அறுந்துபோகாமல் செய்ய ஆள் இருக்கிறது என்று பாய் வாய்விட்டுவிட்டு, லீவில் வந்து அந்த ஆளைத் தேடிக்கொண்டிருந்தார். இரண்டு பேர் கையை விரித்திருக்கிறார்கள். கடைசியில்தான் என்னிடம் வந்தார். முதலிலேயே வந்திருந்தால் அலைச்சல் மிச்சம்.

எதிர் டீக்கடையில் தினமும் உட்காரும் ரிட்டயர்ட் வாத்தியாருக்குச் செய்தி எட்டியது. செருப்பு தைத்தவன் இப்போது பருந்துக்குக் கொலுசு போடுகிறானாம் என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். அவருக்குப் பருந்தும் வல்லூறும் ஒன்றுதான். அப்படிப்பட்டவர் ஆயுசெல்லாம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியிருக்கிறார். நான் படிக்காமல் போனதில் எனக்கொன்றும் நஷ்டமில்லை.

முதல் ஜோடியை எருமைத் தோலில், மாட்டுப் பட்டை தைக்கிற மாதிரியே இரட்டைத் தையல் போட்டுச் செய்தேன். என் சேவலுக்குப் போட்டுப் பார்த்தேன். அரை மணி நேரத்தில் சேவல் ஒருக்களித்துப் படுத்துவிட்டது. பட்டையின் ஓரம் காலை அறுத்திருந்தது. உழைக்க வேண்டும் என்றார், உழைக்கிற மாதிரிதான் செய்தேன். பட்டை உழைக்கும், கால் உழைக்காது.

இரண்டாவது ஜோடிக்கு ஆட்டுத் தோல். மூன்று நாள் விளக்கெண்ணெய் தடவிப் பரோட்டா மாவு பிசைகிற மாதிரி பிசைந்தேன். ஓரத்தைச் சீவி வெளிப்பக்கமாக மடித்தேன், வெட்டுவாய் காலில் படக்கூடாது. ஊசியே போடவில்லை. இரண்டு முனையையும் ஒன்றாக வைத்து, ஷூவில் கயிறு நுழைகிற சின்னப் பித்தளைக் கண்ணை அதன் மேலேயே அடித்துவிட்டேன். பட்டையைச் சேர்ப்பதும் அதுதான், வார் நுழைவதும் அதில்தான். ஆணியில் மாட்டி இரண்டு கையாலும் தொங்கினேன். ஆணிதான் வளைந்தது.

அளவுக்கு நான் எங்கே வல்லூறைத் தேடுவது? பறவையின் கால் தன் சுண்டுவிரல் பருமன்தான், அங்கே வைத்துப் பார்த்திருக்கிறேன் என்றார் பாய். அந்த விரலுக்கே அளவெடுத்தேன், அதற்குள் அவர் லீவில் வந்து ஒரு மாசம் ஆகியிருந்தது.

கல்ஃபுக்குக் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது வந்து, பட்டையை விரலில் மாட்டி ஆட்டிப் பார்த்தார். முகமெல்லாம் பல். அப்போதுதான் அதே விரலின் அடியில் கிடந்த வெள்ளி மோதிரத்தைப் பார்த்தேன். வந்த புதிதில் பேசும்போதெல்லாம் அதைச் சுழற்றிக்கொண்டே இருப்பார். இப்போது அது சதைக்குள் புதைந்திருந்தது. கல்ஃபிலிருந்து ஒருவர் லீவில் வந்தால் அவர்கள் ஊரில் வீட்டுக்கு வீடு விருந்து. ஒரு வீட்டை விட்டால் அந்த வீட்டுக்காரருக்குக் கோபம் வரும்.

"பாய், இந்த மோதிரம் எப்பலேர்ந்து சுத்தல?"

"ஏங்கண்ணே?"

"பறவை அங்க அளவாத் தின்னுட்டு இருக்கு. உங்க விரலு இங்க நாப்பது நாளாப் பிரியாணி தின்னுருக்கு. நான் எந்த விரலுக்கு அளவெடுத்தேன்?"

பாயின் பல் உள்ளே போனது. பட்டை தொளதொளவென்றிருந்தால் கால் உருவிக்கொண்டு வந்துவிடும். பறவை போகும், வேலையும் போகும்.

மோதிரம் பழைய விரலுக்குச் செய்ததுதானே, அதைக் கழற்றுங்கள் என்றேன். மாமனார் போட்டது என்று இழுத்தார். மாமனார் விசா எடுத்துத் தருவாரா என்று கேட்டேன். விளக்கெண்ணெயை ஊற்றி, விரலில் நூலைச் சுற்றி, திருகி இழுத்ததில் மனுஷர் இருக்கிற நபிமார்களையெல்லாம் கூப்பிட்டுவிட்டார். வாத்தியார் டீ கிளாஸோடு எழுந்து வந்து வேடிக்கை பார்த்தார். மோதிரம் வந்தது. அதற்குள் சரியாக நுழைகிற மாதிரி ஒரு மரக்குச்சியைச் செதுக்கி, அந்தக் குச்சியின் மேல் புது ஜோடியைச் செய்தேன். சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை. கண்ணை மட்டும் அடிக்காமல் கையில் கொடுத்து, பறவையின் காலில் சுற்றிய பிறகு அடித்துக்கொள்ளச் சொன்னேன்.

அடுத்த லீவில் பாய் வந்தார். வேலை இருக்கிறது. பறவை இருக்கிறது. பட்டையும் அதே பட்டைதான். ஆனால் மனுஷர் கடை வாசலிலேயே நின்றார், உள்ளே வரவில்லை. விசாரித்தால், பட்டையைப் பார்த்து அசந்துபோன முதலாளியிடம் இதை நானே செய்தேன் என்று சொல்லியிருக்கிறார். அப்படியானால் மற்றப் பறவைகளுக்கும் என் எதிரிலேயே உட்கார்ந்து செய் என்று முதலாளி சொல்லிவிட்டாராம்.

"எனக்குக் கத்துக் குடுங்கண்ணே," என்றார் மெதுவாக.

"சொல்லும்போது என் ஞாபகம் வரல. இப்ப வந்துருச்சு."

"தப்புதாண்ணே."

"உக்காருங்க."

நாற்காலியைக் காட்டவில்லை. தோல் சீவல் குவிந்து கிடந்த சாக்கைக் காட்டினேன், தெருவில் போகிறவர்கள் எல்லாம் பார்க்கிற இடம். வெள்ளைச் சட்டையும் அத்தர் வாசனையுமாக அதில் உட்கார்ந்தார். வேலைக்குச் சேர்ந்துவிட்டீர்களா பாய் என்று வாத்தியார் எதிரிலிருந்து கேட்டார்.

"ஆமா சார். லீவே குடுக்க மாட்டேங்குறாரு," என்றார் பாய், தலையைத் தூக்காமல். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

பத்து நாள் வந்தார். முதல் வாரம் வெட்டியதெல்லாம் குப்பை. பத்தாம் நாள் ஒரு ஜோடியை நீட்டினார். கன்னத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். இடது பட்டையின் ஓரம் லேசாக உறுத்தியது. அவர் மடியிலேயே திருப்பிப் போட்டேன். மறுபடியும் கத்தியை எடுத்தார்.