நாயின் பங்கு

என் இடது புருவத்துக்கு மேல் ஒரு குழி இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல் இருப்பார்கள். நானும் குனிந்துகொள்வேன். சின்ன வயதில் அந்த இடத்தில் மேடு இருந்தது.

வலி கிடையாது. ஆனால் புடைத்துப் புடைத்துக் கண்ணைக் கீழே தள்ளியது. ராசிபுரம் பக்கம் செம்மறி மேய்க்கும் குடும்பம் எங்களுடையது. ஒருவர் பற்றுப் போட்டார், ஒருவர் சூடு வைத்தார். நாவிதர் கீறிவிடலாமென்று கத்தியைத் தீட்டியபோது அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். கடைசியில் யார் கையை நீட்டினாலும் அழுத்திப் பார்க்க நானே நெற்றியைக் காட்டப் பழகிவிட்டேன்.

கண் போய்விடும் என்று யாரோ சொன்ன பிறகுதான் சேலத்து ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். யுத்த காலம், பெட்ரோல் இல்லாமல் கரிப்புகையில் ஓடும் பஸ்; மேடு வந்தால் நின்றுவிடும். அப்பா இறங்கித் தள்ளினார்.

மண்டையைப் படம் பிடித்தார்கள். டாக்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார்.

"வீட்டுல நாய் இருக்கா?"

"இல்லீங்க சாமி" என்றார் அப்பா. நாய் என்றால் தொப்புளைச் சுற்றி ஊசி போடுவார்கள், நாயையும் கொல்லச் சொல்வார்கள் என்று அவருக்குப் பயம். ஆட்டுப்பட்டிக்கு அதுதான் காவல்.

டாக்டர் என்னிடம் குனிந்தார். "ஆடு மேய்க்கறப்ப உனக்குத் துணை யாருப்பா?"

"கருப்பனுங்க. என்ற தட்டுலதான் சோறு திங்கும்."

அப்பா சுவரைப் பார்த்தார். "அதைய நாயின்னு சொல்ல முடியாதுங்க. ஊட்டு ஆளாட்டம்."

டாக்டர் சிரிக்கவில்லை. நாய் வயிற்றிலுள்ள பூச்சியின் முட்டை நமக்குள் போனால் நீர்ப்பை கட்டும், மண்டை எலும்புக்குள் கட்டுவது அபூர்வம், கீறி உடைத்திருந்தால் உயிரே போயிருக்கும் என்றார். அம்மா அப்போதுதான் அழுதாள்.

அறுத்து எடுத்தார்கள். கண் பிழைத்தது. எடுத்ததைக் குப்பியில் போட்டுக் காட்டினார்கள். வெந்த ஜவ்வரிசிபோல் வெள்ளைக் குமிழ்கள். நாயைக் கிட்டே சேர்க்காதே என்று சொல்லி அனுப்பினார் டாக்டர். நாய்க்கு அது எங்கிருந்து வந்ததென்று நாங்கள் கேட்கவில்லை.

டாக்டர் சொன்னபடி அப்பா கருப்பனைத் தூரத்தில் கட்டிப்போட்டார். அம்மா வேண்டிக்கொண்டபடி கிடா வெட்டினோம். நீர்ப்பை கட்டிய ஈரலை எங்களில் யாரும் தின்பதில்லை. அது காவல் நாயின் பங்கு. கட்டிப்போட்ட பாவம் தீரட்டும் என்று அப்பா ஈரல் முழுவதையும் கருப்பனுக்கு வீசினார். அதில் குப்பியில் பார்த்த அதே வெள்ளைக் குமிழ்கள். நான் அலுப்போடு அம்மாவின் மடியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பாவம், ஆட்டுக்கு ஆஸ்பத்திரி இல்லையே என்று மட்டும்தான் தோன்றியது.

கருப்பன் தின்றுவிட்டு வாலை ஆட்டியது. என் தங்கை கயிற்றை அவிழ்த்துவிட ஓடினாள்.