சாம்பல் தொடும் ஏழாம் அடி

தாணம்மாள் கட்டிய மெட்டுக்கு முந்நூறு வயது என்று எங்கள் ஊர் விழா மலரில் அச்சடித்திருக்கிறார்கள். தாணம்மாளுக்கு வயது ஐம்பத்தெட்டு. அந்தப் பொய்க்குக் கீழே என் பெயரும், பக்கத்தில் எம்.ஏ. என்ற பட்டமும் இருக்கின்றன. எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவன் நான். அந்த இரண்டு எழுத்துக்கு அப்பா எத்தனை ரப்பர் மரம் சீவிப் பால் எடுத்தார் என்பது எனக்குத்தான் தெரியும்.

கருங்கல் டவுன் பக்கம் எங்கள் ஊரில் ஒரு களியல் குழு உண்டு. விளக்கைச் சுற்றி நின்று கம்போடு கம்பு தட்டி ஆடுவார்கள். அவர்களிடம் மட்டும் ஒரு மெட்டு இருந்தது. ஆறு அடி கம்பு தட்டும். ஏழாவது அடியில் சத்தமே இராது. வேறெந்தக் குழுவிலும் அது இல்லை. எங்கிருந்து வந்தது என்று எழுதித் தரும்படி விழாக் கமிட்டி என்னிடம் கேட்டது.

குழுவின் ஆசான் சிலுவைதாசனைப் போய்ப் பார்த்தேன்.

“எனக்க தாத்தா காலத்து மெட்டு, தம்பி. ஏழாவது அடி போர்வீரன் மூச்சு வாங்குற எடம்.”

சாயா கொண்டுவந்த அவர் மனைவி வியாகுலம்மாள் தம்ளரை ணங்கென்று வைத்தார். “என்னத்துக்குக் கள்ளம் பறையிதிய? அது எங்க அண்டியாபீஸ் பாட்டுல்லா. தாணம்மக்கா கெட்டினது. நாந்தானே ஒங்களுக்குப் பாடித் தந்தேன்?”

முந்திரிக் கொட்டையை இங்கே அண்டி என்போம், அதை உடைக்கிற ஆலையை அண்டியாபீஸ் என்போம். தாணம்மாள் பதினேழு வயதில் அங்கே போனவர். வறுத்த கொட்டையைக் கட்டையால் தட்டி உடைக்கிற வேலை. அதன் ஓட்டிலிருக்கும் எண்ணெய் விரலை அரித்துவிடும். ஆறு தட்டுக்கு ஒருமுறை சாம்பலில் விரலை முக்க வேண்டும். இன்றைக்கும் ரேஷன் கடை மிஷினில் அவர் கைரேகை விழுவதில்லை.

“பேசினா சூப்பர்வைசர் ஏசுவான் மக்கா,” என்றார் என்னிடம். “பாடினா சும்மா இருப்பான், அண்டி வெரசா ஒடையுமே! அவனத் திட்டித்தான் பாடினோம். அவனும் தலையாட்டிக் கேப்பான்.”

எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். மலரில் வந்தது போர்வீரன். கேட்கப் போனால், “அண்டி ஒடைச்ச பாட்டுன்னு போட்டா ஊருக்கு என்ன மதிப்பு தம்பி?” என்கிறார் கமிட்டித் தலைவர். அவர் வீட்டுக் கல்யாணப் பாயசத்தில் மிதந்த பருப்பை எந்தப் போர்வீரன் உடைத்தானாம்?

தாணம்மாளிடம் மலரை வாசித்துக் காட்டினேன். எழுந்து, களியல் ஒத்திகை நடக்கும் இடத்துக்கு நடந்தார்.

“லே சிலுவைதாசா! எந்த வீரன்லே மூச்சு வாங்கினான்? ஒனக்க பெண்டாட்டி வெந்த வெரலச் சாம்பல்ல முக்கின எடம்லே அது!”

ஆடிக்கொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். சிலுவைதாசன் சிரிக்கவில்லை. “மலரு அச்சாகிப் போச்சே அக்கா.”

“அத நீயே வச்சுக்கோ. ஆட்டம் தொடங்கச்சில ஆசானுக்கு வணக்கம் பாடுவியல்லா? அதுல எனக்க பேரப் பாடு. இல்லேன்னா அந்த மெட்ட ஆடப்பிடாது.”

“பொம்பள பேர அதுல பாடினதே இல்லியேக்கா...”

“பொம்பள மெட்ட மட்டும் ஆடலாமோ?”

விழா அன்று தாணம்மாளும் வியாகுலம்மாளும் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். சிலுவைதாசன் கடவுளைப் பாடினார். தன் ஆசானைக் கணீரென்று பாடினார். பிறகு மைக்கிலிருந்து முகத்தைத் திருப்பி, எச்சில் விழுங்குவதுபோல எதையோ முணுமுணுத்துவிட்டுக் கம்பைத் தூக்கினார்.

தாணம்மாள் எழுந்தார். “கேக்கல்ல.”

மேடையோரம் நின்ற கமிட்டித் தலைவர் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். அவரை வியாகுலம்மாள் பார்த்த பார்வையில் கை தானாக இறங்கியது.

“அக்காவுக்குக் கேக்கல்லியாம்,” என்றார் வியாகுலம்மாள் புருஷனிடம். “ஒண்ணூடிப் பாடுங்க.”

சிலுவைதாசன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மைக்கைப் பிடித்தார். தாணம்மாள் என்ற பெயர் ரோட்டு முக்கில் கட்டிய குழாய் ஸ்பீக்கரிலும் கேட்டது.

தாணம்மாள் உட்காரவில்லை. “இன்னும் ஒருக்கா,” என்றார்.