ஐந்து கண் பாலம்

சின்ன மாமா ரயில் வாங்கிவிட்டார் என்ற செய்தி மூன்று வாய் மாறி என்னிடம் வந்தது. மாமாவின் பக்கத்து வீட்டுக்காரர் அம்மாவின் தோழியிடம் சொல்ல, தோழி அம்மாவிடம் சொல்ல, அம்மா போனில் என்னிடம் சொன்னாள். மாடியறை முழுக்கத் தண்டவாளம் போட்டிருக்கிறாராம். வேலையை விட்டுவிட்டு ரயில்வேயில் சேரப்போகிறாராம். அத்தை கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாளாம். கடல் தாண்டி இருப்பவர்களுக்குச் செய்தி வந்து சேர்வதற்குள் அதற்குக் கை கால் முளைத்துவிடுகிறது. அன்று எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. சாயங்காலம் அத்தைக்கே போன் போட்டேன். அவள் தன் வீட்டில்தான் இருந்தாள். ரயில் வந்தது மட்டும் நிஜம் என்றாள். இன்ஜின் ஒரு சாண் நீளம், செருப்பு டப்பா மாதிரி ஒன்றில் வைத்துக் கொடுத்தார்களாம்.

இது நடந்து பதினோரு வருஷம் ஆகிறது. அன்றைக்கு ஒரு இன்ஜினும் ஆறு வண்டிகளுமாக இருந்தது இப்போது முப்பத்தெட்டு கிலோமீட்டர் ரயில் பாதையாகிவிட்டது. எண்பத்தேழில் ஒரு பங்காகச் சுருக்கி, அதிலும் பெரும்பகுதியை வெட்டித் தள்ளி, ஒரு அறைக்குள் மடக்கி வைத்திருக்கிறார்.

மாமாவுக்குப் பல் செட் செய்கிற வேலை. டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். இவர் அதில் ஜிப்ஸம் மாவைக் கரைத்து ஊற்றி, அது கெட்டியானதும் எடுத்து, அதன்மேல் மெழுகில் ஈறு கட்டிப் பல் பதிப்பார். முப்பத்துநாலு வருஷமாக ஒரே லேப், ஒரே ஸ்டூல். ஊற்றும்போது ஒரு காற்றுக் குமிழி நுழைந்தாலும் போச்சு, யாரோ ஒருவருக்குச் சோறு மெல்லும்போது குத்தும். அதனால் மாவைக் கையில் எடுத்ததுமே இடது கையைத் தூக்கிவிடுவார். அந்தக் கை இறங்கும்வரை லேப்பில் யாரும் பேசக் கூடாது. அங்கே அவருக்குச் 'சிக்னல்' என்றுதான் பேர். பக்கத்து மேஜையில் பல்லுக்கு மெருகு போடுகிற பாலிஷ்காரர், கை இறங்கியதும் "லைன் கிளியர், இனிமே எல்லாரும் மூச்சு விடலாம்" என்பார்.

லேப்பில் மீந்த மாவுதான் மாடியறையில் மலையானது. வெளிறிய மஞ்சள் மலைகள். உச்சியில் மட்டும் மெழுகின் ரோஸ் நிறம் தெரியும், சூரியன் இறங்குகிற நேரம் என்று சொல்லிச் சமாளிப்பார். மைல் கற்களெல்லாம் கழித்துப் போட்ட முன்பற்கள். ஒரே ஒரு இடத்தில் பெரிய பாறை வேண்டியிருந்ததால் கடைவாய்ப்பல் வைத்திருக்கிறார். தெரியாதவர்கள் யாரும் கண்டுபிடித்ததில்லை.

அறையின் மூன்று சுவர்களையும் ஒட்டிப் பலகை ஓடுகிறது. வாசலை மறித்து ஒரு தூக்குப் பலகை. துணி காயப்போடுகிற பால்கனி அந்த அறைக்கு அப்பால் இருப்பதால், அத்தை ஈர வாளியோடு வந்து வாசலில் நிற்பாள். வண்டி போனதும் பலகை தூக்கப்படும். "என் வீட்டுக்குள்ளயே என்னை ரயில்வே கேட்டுல நிக்க வச்ச ஒரே மனுஷன்" என்று சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாள். அப்படி நிற்கும்போது எந்த வண்டி எத்தனை நிமிஷம் லேட் என்பதும் அவளுக்குத் தெரியும்.

ரயிலுக்குப் பாதி நேரம் என்றால் சைக்கிளுக்கு மீதிப் பாதி. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்புவார். தூரத்து ஸ்டேஷன் என்றால் சைக்கிளையும் ரயிலில் ஏற்றிக்கொண்டு போய் இறங்குவார். ஹேண்டில்பாரில் ஒரு நோட்டுப் புத்தகத்தை நூலால் கட்டியிருப்பார். நடந்து போகிறவர்கள் இவரை முந்திவிடுவார்கள். "அவசரமா இருந்தா பஸ்ஸுல போயிடலாமே, சைக்கிள் எதுக்கு?" என்பது அவர் கட்சி. தண்டவாளத்தை ஒட்டிய மண் பாதையில் போய், நின்று, பார்த்து, எண்ணி எழுதிக்கொண்டு வருவார். பிளாட்பாரத்தில் எத்தனை தூண், தண்ணீர்த் தொட்டிக்கு எத்தனை கால், கேட்கீப்பர் அறைக்கு ஜன்னல் எந்தப் பக்கம் என்று எல்லாம் அந்த நோட்டில் இருக்கும். தன் சைக்கிளில் போய், தன் கண்ணால் பார்த்து எண்ணாத எதுவும் பலகையில் ஏறக் கூடாது. யாரும் விதிக்காத விதி. அதை ஒருமுறைகூட அவர் மீறியதில்லை.

அந்த விதியாலேயே ஏழாவது ஸ்டேஷனோடு ரயில் நின்றுபோனது. அதற்குமேல் பாதை மலை ஏறுகிறது, சரக்கு வண்டி மட்டும்தான் போகும். ஆறு கிலோமீட்டர் ஏற்றம், அதன் முடிவில் பள்ளத்தாக்கைத் தாண்டும் கல் பாலம். அந்தப் பாலத்துக்குப் போக நினைத்திருந்த வருஷம்தான் மாமாவுக்கு நெஞ்சு வலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். சமதரையில் மெதுவாக ஒரு மணி நேரம் ஓட்டலாம், ஏற்றம் மட்டும் கூடவே கூடாது என்று டாக்டர் சொன்னார். சொல்லும்போது அத்தையைப் பார்த்துச் சொன்னார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே அத்தை சைக்கிளின் முன்சக்கரத்தைக் கழற்றித் துணி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். மாமா சண்டை போடவில்லை. தினம் ஒரு தடவை அலமாரியைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார், அவ்வளவுதான். கார் வைத்திருக்கும் மச்சினர், பாலத்துக்கே கூட்டிப்போய்க் காட்டுவதாகச் சொன்னார். காரில் போனால் டிரைவர் தலைதான் தெரியும் என்று மாமா மறுத்துவிட்டார்.

மூன்று மாதம் இப்படிப் போனபின் அத்தைக்கு ஒரு யோசனை வந்தது. பாலம் இல்லாததால்தானே மலை ஏறத் துடிக்கிறார்? பாலத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டால் மலையில் அவருக்கு என்ன வேலை? பாலத்தின் படம் ஒன்றைத் தேடித் தரும்படி என்னிடம் கேட்டாள். இணையத்தில் ஒரே ஒரு படம்தான் கிடைத்தது, யாரோ மலையேறப் போனவர் பக்கவாட்டில் எடுத்தது. அனுப்பினேன். பாலிஷ்காரர் அதைப் பார்த்து லேப் மாவிலேயே பாலத்தை வார்த்தார். தூண்களுக்கு நடுவே ஒவ்வொரு கண்ணும் உள்ளங்கை அகலம், மொத்தம் ஐந்து கண். கல்லுக்குக் கல் கோடு கீறி, பல்லுக்குப் போடுவதுபோல் மெருகும் போட்டுவிட்டார்.

மாமாவின் பிறந்தநாளன்று அதைக் கொடுத்தார்கள். மாமா ரொம்ப நேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாராம். விதி விதிதான், ஆனால் இத்தனை பேர் பாடுபட்டதைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. அடுத்த வாரம் இரண்டு மலைக்கு நடுவே பாலம் ஏறியது. சரக்கு வண்டி அதைத் தாண்டுகிற வீடியோவை எனக்கு அனுப்பினார்கள். தாண்டி முடித்ததும் அத்தை கை தட்டுவது கேட்டது. அன்றைக்கே அலமாரியைத் திறந்து, சமதரைக்கு மட்டும் என்று சொல்லிச் சக்கரத்தைக் கொடுத்துவிட்டாள்.

சந்தோஷத்தில் அத்தை செய்த இன்னொரு காரியம், ஏழாவது ஸ்டேஷனில் மாமாவுக்கு வழக்கமாக டீ போட்டுக் கொடுக்கும் கேங்மேனை வீட்டுக்குக் கூப்பிட்டது. ரிட்டயர் ஆகி ஸ்டேஷன் பக்கத்திலேயே குடியிருப்பவர். இருபது வருஷம் அந்த மலைப் பாதையில் தினம் நடந்து தண்டவாளத்தைத் தட்டிப் பார்த்தவர். வந்து, ஒவ்வொரு ஸ்டேஷனாகக் குனிந்து பார்த்து, தன் வீட்டு ஓட்டுக் கூரையையும் அடையாளம் கண்டு சிரித்தார். பாலத்துக்கு வந்ததும் சிரிப்பு நின்றது.

"என்ன சார், கண்ணு அஞ்சுதான் இருக்கு?"

மாமா எத்தனை இருக்க வேண்டும் என்று கேட்டார்.

"அஞ்சுக்கு மேல. ஆறா ஏழான்னு கேட்டா தெரியாது சார். நான் மேல நடந்தவன், கீழ எறங்கி எண்ணினதே இல்ல."

இருபது வருஷம் நடந்தவருக்கே எண்ணிக்கை தெரியவில்லை. அவர்கள் அங்கேயும் நான் இங்கேயுமாகப் படத்தை மறுபடியும் பெரிதாக்கிப் பார்த்தோம். வலது ஓரத்தில் மரங்கள் மறைத்திருந்தன. மரத்துக்குப் பின்னால் ஒரு கண் இருக்கலாம், இரண்டும் இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். வேறு படம் தேடிச் சலித்துவிட்டேன். மேலிருந்து எடுத்த வரைபடத்தில் தண்டவாளம் தெரிந்தது, கண் எதுவும் தெரியவில்லை.

மாமா யாரையும் குறை சொல்லவில்லை. பாலத்தின்மேல் ஒரு கைக்குட்டையைப் போட்டு மூடிவிட்டார். வண்டிகள் மறுபடியும் ஏழாவது ஸ்டேஷனிலிருந்தே திரும்பின. பாலிஷ்காரர் இன்னும் இரண்டு கண் சேர்த்து வார்த்துத் தருவதாகச் சொன்னதற்கு, எண்ணிக்கை தெரியாமல் மலையை எவ்வளவு வெட்டுவது என்று கேட்டாராம். அத்தை சக்கரத்தைத் திரும்பக் கேட்க நினைத்திருக்கிறாள். கேட்டால் அவர் மனசில் இல்லாத எண்ணத்தைத் தானே கிளப்பிவிட்டதாகுமே என்று விட்டுவிட்டாள்.

போன வெள்ளிக்கிழமை மாமாவே என்னைக் கூப்பிட்டார். குளிர் எப்படி, வேலை எப்படி என்று விசாரித்துவிட்டு, எல்லாம் முடிந்தபின் சாதாரணமாகச் சொன்னார்.

"ஞாயித்துக்கிழமை ஏழாவது ஸ்டேஷன் வரைக்கும் போயிட்டு வரலாம்னு பார்க்கறேம்மா. வண்டியில சைக்கிளை ஏத்திக்கிட்டுப் போய் அங்க எறங்கிக்குவேன். அதுவரைக்கும் ஒண்ணும் சிரமமில்ல."

"அங்கேருந்து பாலம் தெரியுமா மாமா?"

நோட்டுப் பக்கம் புரளும் சத்தம் கேட்டது.

"மேல ஒரு வளைவு இருக்கு, அது வரைக்கும் போனா தெரியும்னு கேங்மேன் சொன்னார்."

"வளைவு ஏத்தத்துலதானே இருக்கு?"

"உருட்டிக்கிட்டு நடந்து போறேன். ஓட்டினாத்தான ஏத்தம்? அத்தைகிட்ட இப்ப சொல்லாத. எண்ணிட்டு வந்து நானே சொல்லிக்கறேன்."

சரி என்றேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. வேண்டாம் என்று சொன்னால் எனக்கும் சொல்லாமல் போய்விடுவாரோ என்ற பயம். சனிக்கிழமை இரண்டு தடவை அத்தையின் நம்பரை எடுத்து, இரண்டு தடவையும் வைத்துவிட்டேன்.

ஞாயிறு காலை எனக்கு ஏழு மணி, அங்கே பதினொன்றரை. அத்தைதான் கூப்பிட்டாள். ஆறு மணிக்குக் கிளம்பியவர், ஒரு மணி நேரத்தில் வருகிறேன் என்றாராம். பூங்காவுக்குப் போய்ப் பார்த்தாளாம், ஆற்றோரப் பாதையிலும் பார்த்தாளாம். மாத்திரை டப்பா மேஜைமேலேயே இருக்கிறதாம்.

"உன்கிட்ட ஏதாவது சொன்னாராம்மா?"

சொன்னேன். ஏழாவது ஸ்டேஷன், வளைவு, உருட்டிக்கொண்டு போவதாகச் சொன்னது, எல்லாவற்றையும். அத்தை திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் திட்டவில்லை. யாரையோ கூப்பிட்டுக் காரை எடுக்கச் சொல்வது கேட்டது. கேங்மேன் வீட்டு நம்பர் நோட்டில் இருக்கிறது என்று யாரோ சொல்வதும் கேட்டது. பிறகு என்னிடம் வந்தாள்.

"நீ அவருக்குப் போடு. என் நம்பரைப் பார்த்தா திட்டு விழும்னு எடுக்க மாட்டார். உன்னுதுன்னா எடுப்பார். எடுத்தா, அப்படியே உக்காரச் சொல்லு. எங்க இருந்தாலும் உக்காரச் சொல்லு. கண்ணு எத்தனைன்னு கேக்காத, பேச ஆரம்பிச்சிடுவார்."

உடனே போட்டேன். மலைமேல் டவர் கிடைக்காது, மணி போகிறது, அதனால் மலைக்கு இந்தப் பக்கம்தான் இருக்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஓட்டிக்கொண்டே போன் எடுக்கிற ஆள் இல்லை அவர். சைக்கிளை ஓரமாக நிறுத்த வேண்டும், ஸ்டாண்டு போட வேண்டும், கையைத் துடைக்க வேண்டும், பையின் ஜிப்பைத் திறக்க வேண்டும். அதற்கெல்லாம் ஆகும் நேரத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டே நின்றேன். மணி தானாகவே அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டேன். மணி போய்க்கொண்டிருந்தது.