காத்தாயி பேசி அனுப்பியது

காத்தாயி அக்காவின் வீட்டுக்காரர் அரங்கநாதன் காணாமல் போய் அன்று மூன்றாவது நாள். செஞ்சி மார்க்கெட் கமிட்டியில் நெல் மூட்டை தூக்கியவர். இரண்டு வருஷமாக அவருக்குத் தன் பெயர்கூட ஞாபகமில்லை. நடவுக்குப் போகும் இடமெல்லாம் அக்கா அவரையும் கூட்டிப்போய் மரத்தடியில் உட்கார வைப்பாள். காணாமல் போன அன்று, நடவு முடிந்து அக்கா கை கழுவிவிட்டுக் கரையேறிப் பார்த்தால், துண்டு மட்டும்தான் கிடந்தது.

பஸ் ஸ்டாண்டு, செட்டிக்குளம், கோட்டை அடிவாரம் எல்லாம் தேடியாயிற்று. பிள்ளைகள் இல்லாத வீடு. அக்கா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

நடவு ஆட்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குழு உண்டு. எண்பது பெண்கள், முக்கால்வாசிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. நாளைக்கு எந்தக் கழனி என்று மேஸ்திரி ஜெயசுதா பேசித்தான் அனுப்புவாள். அக்காவோடு நடவுக்குப் போகும் நானும் அதில் உண்டு, ஆனால் ஒருநாளும் பேசியதில்லை. அந்த மூன்றாம் நாள் காலையிலும் பேசக் கூச்சப்பட்டு, அவர் படத்தைப் போட்டு, கீழே பெயரையும் ஊரையும் எழுதி அனுப்பினேன். பதிலுக்குக் கும்பிடும் கைப் படங்களாக வந்து குவிந்தன. தேடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மதியம் அனந்தபுரத்திலிருந்து இரண்டு பெண்கள் பூமாலையோடு வந்து இறங்கினார்கள்.

"எப்ப எடுக்கறீங்க?" என்றாள் ஒருத்தி.

படிக்கத் தெரியாதவர்களுக்கு, குழுவில் ஓர் ஆம்பளை படம் வந்தால் அது சாவுச் சேதிதான். எனக்கு அது தோன்றவே இல்லை.

அக்கா அவள் காலைப் பிடித்துக்கொண்டாள். "எங்கடி கெடக்குது? பாத்தியா? சொல்லுடி."

நடந்ததை நான் சொன்னேன். அக்கா என்னையே பார்த்தாள்.

"வாயி இல்லியாடி உனக்கு? அரை நாளு போச்சே. குடு போன."

பேசிப் பதியும் பொத்தானை அமுக்கிப் பிடித்துக் கொடுத்தேன். பேசினாள்.

"காத்தாயி பேசறன். எம் புருசன் சாவல, காணோம். சக்கர மாத்திரை போட்டு மூணு நாளாவுது. பசிக்குதுன்னு சொல்லத் தெரியாது அவருக்கு. பாக்கறவங்க மொதல்ல சோத்தப் போடுங்க. அப்பறமா எனக்குச் சொல்லுங்க."

அந்தக் குரல் ஊர் ஊராகப் போனது. பதில்களும் குரலாகவே வந்தன. "எங்க ஊருல இல்லக்கா." "ஏரிக்கரையெல்லாம் பாத்தாச்சு, இல்லக்கா." ஒவ்வொன்றையும் அக்கா காதில் வைத்துக் கேட்டாள். முப்பதுக்கு மேல் கேட்டோம். எல்லாம் இல்லைதான். மாலையோடு வந்தவர்கள் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றிருந்தார்கள்.

நாலு மணிக்குத் தொண்டூர் வள்ளியம்மாள் பேசி அனுப்பினாள்.

"யக்கா, இங்க பம்பு செட்டாண்ட ஒருத்தரு குந்திக்கினு இருக்காரு. போட்டோவுல இருக்கறவருதான். ரொம்ப வாடிட்டாரு. சோறு வச்சா தொடல. நீ பேசனதப் போட்டுக் காட்டனன். போன இறுக்கிப் புடிச்சிக்கினாரு. பேச்சு முடிஞ்சதும் மறுபடியும் போடச் சொல்லி கையக் காட்டறாரு. நாலாந்தடவ போட்டப்பதான் சோத்துல கைய வச்சாரு."

நான் ஆட்டோவுக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது அக்கா போனை அவளாகவே அமுக்கிப் பிடித்திருந்தாள்.

"யோவ், தின்னு. நான் வந்துகினே இருக்கறன். எங்கியும் எழுந்து போயிடாத. தின்னு."