கேம்ப்பாஸின் இஸ்திரிப்பெட்டி

யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் வாவு முகம்மதுவின் மூக்குதான் உள்ளே போகும். சலாம் அதற்குப் பின்னால் வரும். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே முகத்தை மேலே தூக்கி இரண்டு இழுப்பு இழுப்பார். "ஒயர் தீயுற வாடை வருதே" என்பார். வீட்டுக்காரர்கள் பதறி எழுவார்கள். அவர் நேராக உள்ளே சென்று, சார்ஜில் கிடக்கும் போன்களைப் பிடுங்கிப் போடுவார். டிவியின் முதுகில் கைவைத்துச் சூடு பார்ப்பார். ஒரே பிளக்கில் மூன்று சாமான் மாட்டியிருந்தால், மாட்டியவர் பெயரைக் கேட்பார். அவர் தெருவில் வருவது தெரிந்ததும் மிக்ஸியை நிறுத்திவிட்டுப் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருக்கும் வீடுகள் புதுமடத்தில் உண்டு.

வயது அறுபத்திரண்டு. ஒல்லி உடம்பு. எந்நேரமும் முழுக்கைச் சட்டை, வெள்ளை. அந்தச் சட்டைக் கையின் மடிப்பில் மீன் அரியலாம் என்பாள் அவர் மனைவி ரம்ஜான் பீவி. தினமும் காலையில் அவரே நின்று தேய்ப்பார். வேறு யாரும் அந்த இஸ்திரிப்பெட்டியைத் தொடக் கூடாது. தேய்த்து முடித்ததும் பிளக்கைப் பிடுங்கி, ஒயரைச் சுற்றி, பெட்டியைத் தரையில் தனியாக வைத்து, அது ஆறும்வரை நாற்காலி போட்டுக் காவல் இருப்பார். "ஊருல எந்த மூலையில தீஞ்சாலும் இவருக்கு மூக்குல தெரிஞ்சிரும், எங்க வீட்டு அடுப்புல சோறு தீயுறது மட்டும் தெரியாது" என்று ரம்ஜான் பீவி சொல்வதை அவர் பாராட்டாகவே எடுத்துக்கொள்வார்.

இந்தப் பழக்கமெல்லாம் சவூதியில், தமாமில் வந்தது. அங்கே ஒரு கட்டுமானக் கம்பெனியின் தொழிலாளர் முகாமில் இருபத்தேழு வருடம் கேம்ப்பாஸாக இருந்தார். அறுநூறு பேர் தங்கும் முகாம். அறைகளின் சாவி, தண்ணீர், சோதனை எல்லாம் அவர் பொறுப்பு. அறைக்குள் சமைக்கக் கூடாது, ஹீட்டர், கெட்டில், இஸ்திரிப்பெட்டி வைத்திருக்கக் கூடாது என்பது சட்டம். சட்டத்தில் தப்பில்லை. எட்டுப் பேர் அடுக்குக் கட்டிலில் படுக்கும் அறையில் ஒரு பொறி போதும். ஆனால் வாவு முகம்மது சட்டத்தைக் காப்பாற்றியதைவிட அதை ருசித்தது அதிகம். தலையணைப் பஞ்சு, ஏசி மூடி, மாவு டின் என்று ஆட்கள் எங்கெங்கே ஒளிப்பார்கள் என்பது அவருக்கு மனப்பாடம். கதவைத் தட்டமாட்டார், திறந்துகொண்டுதான் போவார்.

முதுகுளத்தூர்ப் பக்கத்து இருளாண்டி அப்படித்தான் ஒருநாள் மாட்டினான். மாவு டின்னுக்குள் சின்ன ஹீட்டர் காயில் இருந்தது.

"பாய், வயித்துல புண்ணு பாய். மெஸ்ஸு ரொட்டி ஒத்துக்கிற மாட்டேங்குது. கஞ்சித்தண்ணி வச்சுக் குடிக்கத்தேன். ஒரு தடவ விட்ருங்க."

"புண்ணுன்னா டாக்டருகிட்டச் சொல்லு. என்கிட்ட ஏன் சொல்ற? ரூலுன்னா ரூலுதான்."

காயிலைக் கீழே போட்டு பூட்ஸ் காலால் மிதித்தார். எழுதி மேலே அனுப்பினார். பத்தாவது நாள் இருளாண்டி வேலை போய் ஊருக்கு விமானம் ஏறினான். இந்தக் கதையை வாவு முகம்மது இன்றும் பலரிடம் சொல்லுவார், நேர்மைக்கு உதாரணமாக.

போன மாசி மாதம் மகள் மாஷிதா சென்னையிலிருந்து போன் செய்தாள். வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் சொகுசுக் கப்பலில் நான்கு நாள் பயணத்துக்குச் சீட்டு எடுத்திருந்தாள். சென்னையில் ஏறி, இலங்கையைத் தொட்டுத் திரும்பும் கப்பல். கடலோரத்தில் பிறந்தவர் கடலைப் பார்க்கக் கப்பலேறுவதா என்று இரண்டு நாள் முறுக்கிக்கொண்டு, மூன்றாம் நாள் ஊர் முழுக்கச் சொல்லி முடித்தார்.

மாஷிதா கப்பல் விதிகளை வாசித்துக் காட்டினாள். "வாப்பா, இஸ்திரிப்பெட்டி, கெட்டில், ஹீட்டர், எக்ஸ்டென்சன் பாக்ஸ் எதுவும் ரூமுக்குக் கொண்டுபோகக் கூடாதாம். நடுக்கடல்ல தீப்பிடிச்சா எறங்கி ஓட எடம் கெடையாது, பாத்துக்கோங்க."

"எனக்கேவா சொல்ற? அது வெவரம் தெரியாத பயலுவளுக்குப் போட்ட ரூலும்மா. நானெல்லாம் ரூலு போட்டவன்."

சட்டையைக் கப்பல் சலவைக்காரனிடம் கொடுக்க அவருக்கு மனமில்லை. கசங்கின சட்டையோடு நாலு பேர் முன்னால் உட்கார்ந்து சாப்பிடவும் முடியாது. ஆகவே இரண்டு இஸ்திரிப்பெட்டி எடுத்தார். ஒன்று பழையது, கைப்பிடி உடைந்தது. அதைப் பயணப் பெட்டியில் துணிக்கு மேலேயே வைத்தார். "ஒண்ணு மாட்டிக்கிச்சுன்னா தேடுறவன் மனசு நெறஞ்சிரும். அதுக்கு மேல தேடமாட்டான்" என்றார். இருபத்தேழு வருடம் அவரை அப்படி ஏமாற்றியவர்கள் கற்றுக்கொடுத்த பாடம் அது. இன்னொன்று பயணத்துக்கென்றே செய்த சின்னப் பெட்டி, கைப்பிடி மடங்கும். அதற்கு ஒளிவிடம் வேண்டுமே.

மாஷிதாவுக்காக ரம்ஜான் பீவி தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்த்து மூன்று மணி நேரம் அல்வாப் பதத்துக்குக் கிண்டி, பெரிய எவர்சில்வர் டின்னில் தொதல் ஊற்றி ஆறவைத்திருந்தாள். அவள் அசர் தொழுது முடித்து வந்து கரண்டியை விட்டால், பாதியில் நங்கென்று நின்றது.

"மாஷிதா வாப்பா, தொதலுக்குள்ள என்ன முள்ளு கெடக்கு?"

"சத்தம் போடாத. ரெண்டு பாலிதீன் பையில சுத்தித்தான் வச்சிருக்கேன். மேல தடவி மூடிட்டேன், தெரியாது."

"மூணு மணி நேரம் கை ஓயக் கிண்டுனேன், ஒங்க பொட்டிக்கு மெத்தை போடவா?"

அவர் டின்னின் மூடியை அமுக்கி அழகு பார்த்துக்கொண்டிருந்தார். சென்னையில் மாஷிதா வீட்டில் ஆளுக்கொரு துண்டு வெட்டிக் கொடுத்ததோடு சரி. டின் கப்பலுக்குப் புறப்பட்டது.

கப்பலேறும் இடத்தில் பெட்டிகளைச் சோதித்த காவல் பெண்ணின் பெயர் சுகந்தி. சொந்த ஊர் மண்டபம். பழைய இஸ்திரிப்பெட்டி உடனே அகப்பட்டது. வாவு முகம்மது கண்துடைப்புக்குக் கொஞ்சம் சண்டை போட்டுவிட்டு, ரசீது வாங்கி மடித்து வைத்தார். அடுத்து டின் வந்தது. இயந்திரத் திரையில் நடுவே கருப்பாக ஏதோ தெரிகிறதே என்றான் பக்கத்தில் நின்றவன். சுகந்தி மூடியைத் திறந்தாள். நெய்யும் தேங்காய்ப்பாலும் கலந்த வாடை முகத்தில் அடித்தது.

"தொதலா ஐயா? நீங்க எந்தூரு?"

"புதுமடம். நீ?"

"மண்டபம். ஊருக்குப் போயி எட்டு மாசமாச்சு." பக்கத்திலிருந்தவனிடம், அது அப்படித்தான் கல் மாதிரி இருக்கும் என்று சொல்லிச் சிரித்து, மூடியை மூடினாள். வாவு முகம்மது தாராளமாக ஓரத்திலிருந்து ஒரு துண்டு வெட்டி அவள் கையில் வைத்தார். ரம்ஜான் பீவி வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

இரண்டாம் நாள் சாயங்காலம். இரவு விருந்துக்குப் போகவேண்டும். ரம்ஜான் பீவி குளியலறையில் தொழுகைக்குக் கைகால் முகம் கழுவி ஒளு செய்துகொண்டிருந்தாள். வாவு முகம்மது கட்டிலில் துண்டை விரித்துச் சட்டையைத் தேய்த்தார். இரண்டு பாலிதீன் பைகளில் ஒன்றும் தேறவில்லை போலிருக்கிறது. எவ்வளவு துடைத்தும் பெட்டியின் இடுக்கில் தொதல் ஒட்டியிருந்தது. சூடு ஏற ஏறச் சர்க்கரை கருகியது. காலரில் பழுப்பாக ஒரு கோடு விழுந்தது. அதைப் பார்த்துச் சபித்தாரே ஒழிய, வாடை அவருக்குத் தெரியவில்லை. ஊரார் வீட்டு வாடைக்கென்றே பழகிய மூக்கு அது.

வெளியே நடையில் போனவர்களுக்குத் தெரிந்தது. கதவு தட்டப்பட்டது.

தட்டும் சத்தம் கேட்டதும் அவர் கை சுவிட்சைத் தேடியது. கப்பல் பிளக்கில் சுவிட்சு இல்லை. ஒயரைப் பிடுங்கினார். கொதிக்கிற பெட்டியைத் துண்டோடு சுருட்டி, அலமாரியில் உயிர்காப்புச் சட்டைகளுக்கு மேலே திணித்து, கதவைச் சாத்தினார். முகாமில் ஆயிரம் பேர் செய்ததைத்தான் செய்தார். அவர்களை விடக் கொஞ்சம் மோசமாக.

வாசலில் நின்ற அறைப் பணியாளர், கோவாக்காரர், ஏதோ கருகும் வாடை வருகிறதே என்று மரியாதையாகக் கேட்டார்.

"நோ ஸ்மெல். நோ ஸ்மெல்" என்றார் வாவு முகம்மது, முகத்தை மேலே தூக்கி, இரண்டு இழுப்பு இழுத்துக் காட்டி.

அவர் இழுத்து முடிப்பதற்குள் அலமாரிக் கதவின் இடுக்கில் புகை கசிந்தது. கூரையிலிருந்த கருவி அலறியது. பணியாளர் வெளியே வரச் சொல்லிக் கத்திக்கொண்டு தீயணைப்பானை எடுக்க ஓடினார். வாவு முகம்மதுவுக்கு அப்போது தோன்றியது ஒன்றே ஒன்று: பெட்டி யார் கண்ணிலும் படக் கூடாது. அலமாரியைத் திறந்தார். காற்றுப் பட்டதும் துண்டு குப்பென்று பிடித்தது. கையை விட்டுப் பெட்டியைப் பிடித்தார். பிடித்தது கைப்பிடியை அல்ல. அலறி உதறியதில் அது தரை விரிப்பில் விழுந்து அங்கேயும் புகைந்தது. கையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடைக்கு ஓடினார்.

நெருப்பைப் பணியாளர் அணைத்தார். குளியலறைக் கதவைத் தட்டியதும் அவர்தான். ஈர முகத்தோடு வெளியே வந்த ரம்ஜான் பீவி புகையில் ஒன்றும் தெரியாமல் நின்றாள்; அவரே கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தார். நடையில் கணவர் நல்ல தூரத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"என்னயக் கூப்புடணும்னு ஒங்களுக்குத் தோணலயா?" என்று கேட்டாள். சத்தமாகக்கூடக் கேட்கவில்லை.

"கை வெந்துபோச்சு புள்ள..." என்றார் அவர்.

கட்டுப்போட்ட கையோடு பாதுகாப்பு அதிகாரியின் முன்னால் உட்காரவைத்தார்கள். அதிகாரி வெளிநாட்டுக்காரர். பக்கத்தில் மொழிபெயர்க்கச் சுகந்தி நின்றாள். மூவாயிரம் பேர் இருக்கும் கப்பலில் நெருப்பு. அந்தப் பெட்டி உள்ளே வந்தது அவள் கைவழியாக. எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்று அதிகாரி கேட்டார்.

வாவு முகம்மதுவுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. முதலில், வயதானவன், உடம்பு சரியில்லை, இந்த ஒரு தடவை விட்டுவிடுங்கள் என்றார். சொல்லும்போதே, இந்த வாக்கியத்தை எங்கோ கேட்டிருக்கிறோமே என்று ஒரு கணம் தடுமாறினார். அதிகாரி முகம் இளகவில்லை. உடனே கேம்ப்பாஸ் ஆங்கிலம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

"யுவர் லேடி செக்கிங். யுவர் லேடி பாஸிங். மை மிஸ்டேக் வாட்?"

"இவரு என்ன புள்ள சொல்றாரு?" என்று ரம்ஜான் பீவி சுகந்தியைக் கேட்டாள்.

சுகந்திக்குக் கண் நிறைந்தது.

"சொல்லு புள்ள."

"நான் பாத்துத்தான் உள்ள விட்டேன்னு சொல்றாரும்மா."

ரம்ஜான் பீவி எழுந்தாள். மேசையில், அறையிலிருந்து எடுத்துவந்த சாமான்களுக்கு நடுவே இருந்த டின்னைத் தன் பக்கம் இழுத்து மூடியைத் திறந்தாள். தொதலின் நடுவில், மூக்கு கூராக, பின்பக்கம் அகலமாக, அச்சு எடுத்ததுபோல் ஒரு பள்ளம் இருந்தது. கருகிய இஸ்திரிப்பெட்டியை எடுத்து அதில் வைத்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது. பக்கத்துத் தொதலை விரலால் வழித்து மேலே பூசி, மூடி, கணவரைச் சுட்டிக் காட்டினாள்.

"இதுக்கு இங்கிலீசு வேணாம்ல?" என்றாள்.

அதிகாரி நெடுநேரம் அந்த டின்னையே பார்த்தார். மீதி நாட்களுக்கு ஜன்னலில்லாத அறை. தினம் மூன்று முறை ஆள் வந்து பெட்டிகளைத் திறந்து பார்த்தான். தட்டாமல்தான் வந்தான். சென்னையில் இறங்கும்போது, இந்தக் கப்பலில் இனி எந்நாளும் ஏற இவருக்கு அனுமதியில்லை என்று கடிதம் கொடுத்தார்கள். சுகந்திக்கு எச்சரிக்கைக் கடிதம்; சோதனை இயந்திரத்திலிருந்து எடுத்து, இறங்குகிறவர்களைச் சரிபார்க்கும் இடத்தில் நிறுத்தியிருந்தார்கள்.

"வேலைக்கு ஒண்ணுமில்லயே புள்ள?" என்றாள் ரம்ஜான் பீவி.

"இல்லம்மா. நீங்க நல்லபடியா ஊருக்குப் போங்க."

வாவு முகம்மது அவளைக் கடக்கும்போது கைக்கட்டைக் கவனமாகப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

ஊருக்கு வந்ததிலிருந்து அவர் சட்டையை விட்டு ஜிப்பாவுக்கு மாறிவிட்டார். ஜிப்பாவுக்குப் பக்கவாட்டில் பை உண்டு. வலது கை அதற்குள்ளேயே இருக்கும். கட்டுப் பிரித்த மூன்றாம் நாள் ஒரு கல்யாணம். பந்தியில் ஊர்க்காரர்கள் ஷாகிரும் ஸுஹைரும் இன்னொருவரும் அவரைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கப்பல் கதை நடந்தது. தீப்பிடித்தது உண்மைதான், ஆனால் பக்கத்து அறையில்.

"பம்பாய்க்காரன் ஒருத்தன். பலகாரத்துக்குள்ள ஒளிச்சுக் கொண்டுவந்திருக்கான் பாரு. எனக்கு வாடை வந்திருச்சு. நான் சத்தம் போடலேன்னா கப்பலே போயிருக்கும்."

"அவனுக்கு ஒண்ணும் ஆகலயா காக்கா?" என்றான் ஷாகிர்.

"கை வெந்துபோச்சு. சூட்டுப் பொட்டிய அடிப்பக்கமாப் புடிச்சிருக்கான், வெவரங்கெட்ட பய."

நால்வரும் சேர்ந்து கைவைத்துச் சாப்பிடும் பெரிய சஹன் தட்டு நடுவில் வந்து இறங்கியது. தம் உடைத்த பிரியாணி. ஆவி முகத்தில் அடித்தது. மூவரும் கையைக் கழுவிக்கொண்டு, மூத்தவர் தொடங்கட்டும் என்று காத்திருந்தார்கள்.

"பிஸ்மி சொல்லுங்க காக்கா" என்றான் ஸுஹைர்.

"நீங்க சாப்புடுங்க. நான் இன்னைக்கு நோன்பு."

"நோன்பா? காலையிலதான ஒங்கள டீக்கடையில பாத்தேன்?"

வாவு முகம்மது ஸுஹைரைப் பார்க்கவில்லை. வலது கையை ஜிப்பாப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு, இடது முழங்கையால் சஹனை மெல்ல அவர்கள் பக்கம் தள்ளினார்.